சிஏ 125: அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள புரதம்

"அக்கா, 35-க்குள்ள இருக்கணுமாம். எனக்கு 62 வந்திருக்கு. கேன்சரா?"

முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டிய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வயது 34. சிஏ 125 என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. மூன்று நாளாகத் தூங்கவில்லை என்றாள். விசாரித்தால், ரத்தம் கொடுத்த அன்று அவளுக்கு மாதவிடாயின் இரண்டாம் நாள். பிறகு ஸ்கேனில் தெரிந்தது எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), புற்றுநோய் இல்லை.

செல்லின் மேற்பரப்பில் என்ன இருக்கிறது?

நம் உடலின் ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் பலவகைப் புரதங்கள் பதிந்திருக்கின்றன. சில சத்துகளை உள்ளே இழுக்கும், சில பக்கத்துச் செல்லைப் பற்றிக்கொள்ளும். மியூசின் 16 அவற்றில் ஒன்று. கண், மூச்சுக்குழாய், கர்ப்பப்பையின் உட்பரப்பு ஆகியவற்றை ஈரமாக வைத்துக் காக்கும் வழவழப்பான, மிகப் பெரிய புரதம். சினைப்பைப் புற்றுநோய்ச் செல்கள் பலவும் இதை அளவுக்கு மீறி உண்டாக்குகின்றன. அதன் துண்டுகள் அறுந்து ரத்தத்தில் கலக்கும்போது சோதனையில் சிஏ 125 ஏறுகிறது. 1981-இல் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் இதைக் கண்டறிய உதவிய ஆன்டிபாடியின் வரிசை எண்தான் அந்த 125.

இந்தப் புரதம் வெறும் அடையாளமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. கட்டியிலிருந்து உதிர்ந்த செல்கள் வயிற்று நீரில் மிதக்கின்றன. வயிற்றின் உட்சவ்வில் மீசோதெலின் என்று இன்னொரு புரதம் உண்டு. மியூசின் 16 அதைப் பற்றிக்கொள்ள, உதிர்ந்த செல் அங்கேயே வேர்விடுகிறது. நம் எதிர்ப்புச் செல்களை நெருங்கவிடாமல் தடுப்பதிலும் இதற்குப் பங்குண்டு. இந்த நோய் வயிறு முழுக்கப் பரவி, நீர் கோத்த பிறகே பலருக்குத் தெரியவருவதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

எண் எங்கே ஏமாற்றும்?

மாதவிடாய், கர்ப்பம், ஃபைப்ராய்டு கட்டி, கல்லீரல் நோய், வயிற்றுக் காசநோய் என எதிலும் சிஏ 125 ஏறலாம். மாறாக, சினைப்பைப் புற்றுநோய் தொடக்க நிலையில் இருக்கும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது 35-ஐத் தாண்டுவதே இல்லை. பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு பல ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. இந்தச் சோதனையாலோ ஸ்கேனாலோ ஆண்டுதோறும் சலித்துப் பார்த்தும் இறப்பு குறையவில்லை.

ஆகவே அறிகுறி ஏதுமற்ற பெண்களுக்கான பரிசோதனைத் தொகுப்பில் இதைச் சேர்ப்பது தேவையற்ற பயத்தைத்தான் விற்கிறது என்பேன். சிகிச்சை பலிக்கிறதா, நோய் திரும்புகிறதா என்று பார்ப்பதற்கு இந்த எண் உண்மையிலேயே கைகொடுக்கும். தாய், சகோதரிக்கு மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால் கதை வேறு. மரபணுச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அதே மேற்பரப்பு, மருந்துக்கு வாசல்

ஃபோலேட் சத்தை உள்ளே இழுக்கும் ஃபோலேட் ஏற்பி ஆல்ஃபா என்ற புரதமும் இந்தப் புற்றுச் செல்களில் மிகுதி. மிர்வெடுக்ஸிமாப் என்ற மருந்து இதைப் பற்றிக்கொண்டு, தன்னோடு சுமந்துவந்த நஞ்சைச் செல்லுக்குள் இறக்குகிறது. பிளாட்டினம் வகை கீமோவுக்கு நோய் கட்டுப்படாத பெண்களுக்காக 2022-இல் அமெரிக்கா இதை விரைவு முறையில் அனுமதித்தது; 2024-இல் முழு அனுமதி கிடைத்தது. கட்டியின் செல்களில் குறைந்தது 75 சதவீதத்தில் அந்த ஏற்பி தெளிவாகத் தெரிந்தால்தான் கொடுப்பார்கள். பார்வை மங்கலாம் என்பதால் கண் மருத்துவரின் கண்காணிப்பும் வேண்டும். அறுவை சிகிச்சையின்போது அதே ஏற்பியில் ஒட்டிக்கொண்டு, தனி விளக்கொளியில் கட்டியை மின்னச் செய்யும் சாயமும் 2021 முதல் அங்கே இருக்கிறது.

பாவாடை நாடா இறுகும்போது

உடம்பு பெருக்காமலே பாவாடை நாடா இறுகுகிறது, இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைகிறது, அடிவயிற்றில் வலி, அடிக்கடி சிறுநீர் முட்டுகிறது. இவை சினைப்பைப் புற்றின் அறிகுறிகளாகவும் இருக்கலாம்; ஆனால் 'வாயுத் தொல்லை' என்று ஓமத் தண்ணீர் குடித்தே மாதங்களை ஓட்டிவிடுகிறோம். கர்ப்பப்பை வாய்க்கு எடுக்கும் பாப் ஸ்மியர் இந்த நோயைக் காட்டாது. இத்தகைய தொந்தரவு புதிதாகத் தொடங்கி இரண்டு, மூன்று வாரம் விடாமல் நீடித்தால், குறிப்பாக 50 வயதைத் தாண்டியவர்கள், மகளிர் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் அம்மா சொல்லத் தயங்கினால், நீங்களே கேட்டு அழைத்துப் போங்கள்.