மூடுபனித் துளியின் மேற்பரப்பு

1952ஆம் ஆண்டு மார்கழி 5ஆம் திகதி இலண்டன் மாநகரைக் கவிந்த புகைப்பனி 9ஆம் திகதிவரை அகன்றிலது. அரங்கினுள்ளும் அது புகுந்தமையால் இசைநாடகமொன்று நடுவில் நிறுத்தப்பட்டது. கண்காட்சிக்குக் கொணர்ந்த கொழுத்த மாடுகள் சில மூச்சுத் திணறி மாண்டன. மாந்தருள் இறந்தோர் ஏறத்தாழ 4,000 பேர் என அன்று கணித்தனர். அதன்பின் வந்த வாரங்களின் மரணங்களை அரசாங்கத்தார் இன்புளுவென்சாக் காய்ச்சலின் தலையிற் சுமத்தினர். அவற்றையுஞ் சேர்த்தால் தொகை 12,000 வரை செல்லுமென்பது பிற்கால ஆய்வாளர் முடிபு.

நமது நுவரெலியாவிலும் மூடுபனி உண்டு. அது உயிரைக் குடிப்பதில்லை. இலண்டன் பனியோ நிலக்கரிப் புகையோடு கலந்த பனி. நிலக்கரியிலுள்ள கந்தகம் எரியுங்கால் கந்தகவீரொட்சைட்டு என்னும் வாயுவாகின்றது. அவ்வாயுவைக் கொடிய அமிலமாக்கும் வேலையைச் செய்தவை பனித்துளிகளே. அவ்வேலை துளியின் மேற்பரப்பில் தொடங்குகின்றது.

நீரின் உள்ளேயுள்ள மூலக்கூறொன்றை எப்புறத்தும் அதன் அயலவை பற்றி நிற்கின்றன. மேற்பரப்பிலுள்ளதற்கோ மேற்புறத்தே அயலார் இல்லை. ஆதலின் அங்குள்ள மூலக்கூறுகளில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு தம் ஐதரசன் கைகளுள் ஒன்றைப் பற்றுவாரின்றி வளியை நோக்கி நீட்டியவண்ணம் இருக்கின்றன. வளியிலிருந்து வந்து மோதும் வாயு மூலக்கூறு இத்தகைய பரப்பையே முதலிற் சந்திக்கின்றது. கந்தகவீரொட்சைட்டு உடனே உள்ளே மூழ்கிவிடுவதன்று. மேற்பரப்பிலுள்ள நீர் மூலக்கூறுகளோடு தளர்ந்த பிணைப்பொன்றை ஏற்படுத்திச் சிறிது தங்கியபின் உட்புகும், அல்லது மீண்டும் வளிக்கே திரும்பும்.

மாணவர் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு கன சதமமீற்றர் நீர் கனவடிவில் இருப்பின் அதன் பரப்பு 6 சதுர சதமமீற்றர். அதே நீரை மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கு விட்டமுடைய துளிகளாகச் சிதறினால் பரப்பு 6,000 சதுர சதமமீற்றராகும். நீர் கூடவில்லை, வாயு புகுவதற்கான வாயில் ஆயிரமடங்காயிற்று.

இவ்வாயிலை அடைக்கவல்ல பொருள்களும் உள. எண்ணெய்த் தன்மையுள்ள நீண்ட மூலக்கூறுகள் நீரை விரும்பும் தலையை உள்ளும் எண்ணெய் வாலை வெளியும் வைத்து நெருங்கி நிற்குமாயின், வாயு உட்செல்வதும் நீர் ஆவியாவதும் தடைப்படும். இத்தகைய படலங்களை முதன்முதற் செம்மையாக அளந்தவர்களுள் ஒருவர் பல்கலைக்கழக வாசலை மிதியாத செருமானியப் பெண்மணி அக்னெசு பொக்கெல்சு. பாத்திரங் கழுவும் நீரைக் கண்டு ஐயங்கொண்டு, தகரத் தொட்டியொன்றைக்கொண்டு சமையலறையிலேயே சோதனை நடத்தினார். அவர் எழுதிய கடிதத்தை இறேலி பிரபு 1891இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவரச் செய்தார். ஆய்வுகூடத்திற் கருவி போதாதென்று முறையிடும் நம்மவர் இவரை நினைத்துக்கொள்வது நன்று.

இலண்டனுக்கு மீள்வோம். துளியினுட் புகுந்த வாயு ஒட்சியேற்றப்பட்டாலன்றிச் சல்பூரிக்கமிலமாகாது. மேலும், துளியில் அமிலம் ஏற ஏற அந்நீர் வாயுவை ஏற்க மறுக்கும். அங்ஙனமாயின் அத்துணை அமிலம் எவ்வாறு உண்டாயிற்று? இவ்வினா நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது. 2016இல் வெளியான ஆய்வொன்று விடை பகர்ந்தது. அதே நிலக்கரி நெருப்பிற் பிறந்த நைதரசனீரொட்சைட்டே ஒட்சியேற்றியது. இயற்கை மூடுபனித் துளிகள் பருமனானவையாதலின் அமிலம் அவற்றில் ஐதாகவே இருந்தது. தாக்கமும் ஓயாது நடந்தது. பின்னர் வெயிலேறத் துளி வற்றியது. நீர் பறந்தது, அமிலம் பறக்கவில்லை. செறிந்த அமிலத்தையுடைய நுண்டுணிக்கைகளே எஞ்சின. அவற்றையே மக்கள் சுவாசித்தனர்.

குடிமனை அடுப்புகளின் புகையையுங் கட்டுப்படுத்தும் தூய வளிச் சட்டம் 1956இல் நிறைவேறிற்று.