எரிகிற வீடும் உதவப் போன கைகளும்



சிட்னியிலும் மெல்பேர்ணிலும் சீனமொழி காதில் விழாத நாள் எங்களுக்கு இல்லை. 2021ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி, இந்த நாட்டு வீடுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது மண்டரின். அந்த மொழியில் நான்கே எழுத்தில் அடங்கும் மரபுத்தொடர்கள் ஏராளம். அவற்றில் ஒன்று ‘சென் ஹுவோ டா ஜியே’. வீடு எரியும் நேரம் பார்த்துக் கொள்ளையடித்தல் என்பது பொருள். எங்கள் அம்மம்மாக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ‘எரிகிற வீட்டில் பிடுங்கினது இலாபம்’ என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

‘முப்பத்தாறு தந்திரங்கள்’ என்ற சீனப் போர் நூலில் இது ஐந்தாவது தந்திரம். எதிரி நாடு பஞ்சத்தாலோ உட்பூசலாலோ தத்தளிக்கும்போது தாக்கு என்கிறது அது. யுவே நாட்டு அரசன் கோவ்ஜியான், வூ நாடு பஞ்சத்தால் நலிந்திருந்த வேளை பார்த்துப் படையெடுத்ததை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். கி.மு. 473இல் வூ நாடு அழிந்தது. போரில் அறிவுரையாக இருந்த இந்தத் தொடர், இன்றைய சீனப் பேச்சில் ஒருவரைக் கண்டிக்கும் சொல்லாகவே வழங்குகிறது.

இதே கருத்து 16ஆம் நூற்றாண்டு நாவலான ‘மேற்கு நோக்கிய பயண’த்தில் ஒரு கதையாக வருகிறது. ஒரு மடத்தில் தங்கிய துறவியிடம் விலைமதிப்பற்ற அங்கி ஒன்று இருந்தது. மடத்து மூத்த துறவிக்கு அதன்மேல் ஆசை. விருந்தாளியைக் கொன்று அங்கியை எடுத்துக்கொள்ள இரவில் நெருப்பு வைத்தார்கள். நெருப்பு மடத்தையே விழுங்கியது. தூரத்து மலையில் இருந்த கருங்கரடிப் பூதம் வெளிச்சத்தைக் கண்டு விழித்தது. மூத்த துறவி அதன் நண்பர். ‘ஐயோ, மடம் எரிகிறதே’ என்று பதறி, நெருப்பை அணைக்கத்தான் ஓடி வந்தது. ஆனால் உள்ளே மேசைமேல் ஒளி வீசும் பொதி ஒன்று கிடந்தது. அவிழ்த்தால் அந்த அங்கி! அவ்வளவுதான். நெருப்பும் மறந்துபோனது, நண்பரும் மறந்துபோனார். அங்கியோடு மலைக்குத் திரும்பிவிட்டது.

இந்தக் கதையில் எங்களைத் தொடுவது ஒன்றுதான்: பூதம் புறப்பட்டது உதவி செய்ய. மனம் மாறியது உள்ளே போன பிறகு.

இந்த நாடும் இரு விதமான கைகளையும் கண்டிருக்கிறது. 2019–20 காட்டுத்தீயில் நேரடியாக 33 பேர் இறந்தார்கள், 3,000க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. தீயணைக்கப் போனவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அதே வாரங்களில், நிவாரண நிதி என்று பொய் சொல்லிப் பணம் பறித்தவர்களும் இருந்தார்கள். 2020 ஜனவரியில் நுகர்வோர் ஆணையம் அந்த மோசடிகளை முறையிடவென்றே தனித் தொலைபேசி எண் ஒன்றை ஏற்படுத்தியது. பின்பு கொரோனா வந்தது. முகக்கவசமும் கிருமிநீக்கியும் வாங்கிப் பதுக்கிக் கொள்ளை விலைக்கு விற்பதை, அந்த ஆண்டு மார்ச் இறுதியில் அரசு தடை செய்தது. தண்டனை 5 ஆண்டுச் சிறை அல்லது 63,000 டொலர் வரை.

எங்கள் பெற்றோர் பலருக்கு அந்தப் பழமொழி அனுபவம். 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது, சாமான்களை அள்ளிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துக் காப்பாற்றிய அயலவர்களும் இருந்தார்கள். எரிந்தது ஒரே நெருப்பு.

தாதியர்களாகிய எங்களுக்கு இது நாளாந்த விடயம். வைத்தியசாலைக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு விதத்தில் எரிகிற வீடுதான். மோதிரத்தையும் பணப்பையையும் இரகசியத்தையும் முன்பின் தெரியாத எங்களிடம் தந்துவிட்டுப் படுக்கிறார்கள். 2018 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எங்கள் தொழிலின் நடத்தைக் கோவை, நோயாளர் பணமோ பரிசோ கடனோ தரும்படியோ, உயிலில் எங்கள் பெயரை எழுதும்படியோ தூண்டக்கூடாது என்கிறது. கள்வர்கள் படிக்க அதை எழுதவில்லை. உதவ வந்த கைகளுக்காகவே எழுதினார்கள். நல்ல மனத்தோடு வந்தவருக்கும் மேசைமேல் இருக்கும் அங்கி கண்ணில் படும் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி எங்கள் சமூகத்துக்குள் பார்ப்போம். ஊரிலிருந்து புதிதாக ஒரு மாணவர் வருகிறார். சொந்தம் இல்லை, விசாப் பயம், கையில் காசும் இல்லை. ‘பாவம், வேலை எடுத்துக் கொடுப்போம்’ என்று ஒரு அண்ணா முன்வருகிறார். நல்ல காரியம். பிறகு, சட்டப்படியான சம்பளத்தில் பாதியைக் கையில் கொடுத்து, ‘விசா இருக்கிறது, வெளியில் சொல்லாதே தம்பி’ என்கிறார். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் விசாக்காரருக்கும் ஒன்றுதான். அந்த அண்ணாவைக் கேட்டால், உதவினேன் என்றுதான் சொல்வார். தொடக்கத்தில் அது உண்மையாகவும் இருந்தது.

ஒபதியாவின் சிறு புத்தகத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஏதோம் குற்றம் சாட்டப்பட்டது, சகோதரனுடைய ஆபத்து நாளில் அவன் பொருளில் கை வைத்ததற்காக. அந்நியனைவிடச் சகோதரன் செய்வதுதான் அங்கே பெரிதாகப் பேசப்படுகிறது.

உதவப் போகாமல் இருப்பது இதற்கு மருந்து ஆகாது, இளையோரே. போகத்தான் வேண்டும். போகும்போது தனியாகப் போகாதீர்கள். பணம் கைமாறினால் கணக்கு எழுதி இன்னொருவருக்கும் காட்டுங்கள். வைத்தியசாலையில் நோயாளரின் பெறுமதியான பொருட்களை இரண்டு பேராகப் பார்த்து எழுதிக் கையொப்பமிடுவதும் இதற்காகத்தான். வீடு அதிர்ச்சியில் இருக்கும்போது எதையும் வாங்கவோ எழுதிக்கொள்ளவோ வேண்டாம்; நெருப்பு அணையட்டும். பழைய கதையின் கரடிப் பூதத்துக்கும் முடிவு கெட்டதாக இல்லை. அங்கி உரியவரிடம் திரும்பியது, பூதம் ஒரு புனித மலையின் காவலாக வைக்கப்பட்டது.