குல்மார்க், ஆலி, சோலாங்: பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள எங்கே போகலாம், எப்போது போகலாம்?

2024 ஜனவரியில் பாதி மாதம் கடந்திருந்தது. காஷ்மீரின் குல்மார்க்கில் எங்கு பார்த்தாலும் பனி குவிந்து கிடக்க வேண்டிய நேரம். ஆனால் அந்த ஆண்டு சறுக்குத் தளங்கள் காய்ந்த புல்லும் மண்ணுமாகப் பழுப்பு நிறத்தில் கிடந்தன. விமான டிக்கெட்டும் ஓட்டலும் முன்கூட்டியே புக் செய்து வந்தவர்களுக்கு மிச்சம் மலைக்காட்சி மட்டும்தான்.

அடுத்த ஆண்டும் பனி தாமதித்தது. 2025 பிப்ரவரி 22-ல் குல்மார்க்கில் தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள், போதிய பனி இல்லாததால் தள்ளிவைக்கப்பட்டு மார்ச் 9-ல்தான் தொடங்கின.

தேசிய அளவிலான போட்டிக்கே இந்த நிலை. அப்படியென்றால், ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் லீவு வாங்கி, சேர்த்து வைத்த பணத்தைப் போட்டுப் போகிறவர் எதை நம்பி புக் செய்வது?

பெரும்பாலானோர் முதலில் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு தேதியை. அதை மாற்றிப் போட்டால் ஏமாற்றம் குறையும். முதலில் என்ன செய்யப் போகிறோம், அடுத்து எந்த வாரம் போகிறோம், கடைசியாகத்தான் எந்த ஊர்.

*பனியைப் பார்க்கவா, சறுக்கக் கற்கவா?*

இரண்டும் வேறு வேறு பயணங்கள். பனியில் விளையாடி, போட்டோ எடுத்து, ஒரு மணி நேரம் பலகையை மாட்டிப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு நாள் போதும்.

உண்மையிலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் பனியில் மட்டும் குறைந்தது நான்கு நாட்களாவது வேண்டும். முதல் நாள் பெரும்பாலும் விழுவதும் எழுவதும்தான். கனமான பூட்ஸில் நடப்பது, விழுந்தால் பக்கவாட்டில் விழுவது, பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைப்பது இவையே முதல் பாடங்கள். நிற்கத் தெரிந்த பிறகுதான் திரும்பக் கற்றுத்தருவார்கள். சறுக்கலில் சுவை வருவது மூன்றாவது நாளுக்கு மேல். இரண்டாவது நாளே திரும்புகிறவர்கள் உடம்புவலியை மட்டும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

*மூன்று ஊர்கள், மூன்று குணங்கள்*

இந்தியாவில் பனிச்சறுக்குக்குப் பல இடங்கள் உண்டு. புதிதாகக் கற்பவர்கள் அதிகம் போவது மூன்று இடங்களுக்கு.

குல்மார்க் (ஜம்மு காஷ்மீர்): ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. ஊரே சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்குள்ள கொண்டோலா, உலகின் மிக உயரமான கேபிள் கார்களில் ஒன்று. முதல் கட்டம் கோங்டூரி வரை, சுமார் 3,100 மீட்டர். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத்தோள் வரை, சுமார் 3,950 மீட்டர். ஊருக்குள்ளேயே கிண்ணம் போன்ற மென்மையான சரிவுகள் இருக்கின்றன. புதியவர்களுக்கு அதுவே வகுப்பறை. மேலே இருப்பது தேர்ந்தவர்களுக்கான மலை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனமும் இங்கே பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. வீட்டில் பாதிப் பேர் சறுக்கவும் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கவும் விரும்பினால் குல்மார்க்தான் வசதி.

ஆலி (உத்தராகண்ட்): சமோலி மாவட்டத்தில், ஏறக்குறைய 2,500 முதல் 3,050 மீட்டர் வரையிலான சரிவுகள். எதிரே நந்தாதேவி. கற்பவர்களுக்கு ஏற்ற, ஒரே தொடர்ச்சியான நல்ல சரிவு இங்கே இருக்கிறது. மாநில அரசின் கர்வால் மண்டல் விகாஸ் நிகம் 7 நாள், 14 நாள் பயிற்சிகளை நடத்துகிறது. சிக்கல் பயணத்தில்தான். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை சுமார் 250 கி.மீ. மலைப்பாதை, முழுப் பகல் போய்விடும். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் உள்வாங்கி வீடுகள் விரிசல் விட்டபோது, அங்கிருந்து ஆலிக்குப் போகும் சுமார் 4 கி.மீ. ரோப்வேயும் நிறுத்தப்பட்டது. பழைய பயண வீடியோக்களில் வரும் அந்த ரோப்வேயை நம்பித் திட்டம் போட வேண்டாம். சாலை வழியை மனதில் வைத்தே புக் செய்யுங்கள்.

சோலாங் (இமாச்சலப் பிரதேசம்): மணாலியிலிருந்து 13 கி.மீ. அளவில். மூன்றில் திட்டமிட மிக எளிதானது இதுதான். மணாலியில் எல்லா பட்ஜெட்டுக்கும் ரூம் கிடைக்கும். ஆனால் சறுக்குத் தளம் சிறியது, கூட்டம் அதிகம். டியூப், ஸ்கூட்டர், பாராகிளைடிங் என்று எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். சும்மா ஒரு தடவை ட்ரை பண்ணிப் பார்க்கலாம் என்பவர்களுக்குச் சரி. முறையாகக் கற்க வேண்டும் என்றால் மணாலியில் உள்ள அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சித் தேதிகளைப் பார்க்கலாம்.

*பொங்கல் லீவில் போகலாமா?*

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு முதலில் தோன்றும் தேதி இதுதான். பொங்கலுக்கு வரிசையாக விடுமுறை, இரண்டு நாள் லீவு போட்டால் ஒரு வாரம் கிடைத்துவிடும். ஆனால் பனி நம் காலண்டரைப் பார்ப்பதில்லை.

காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் ஜனவரி இறுதி வரையிலான 40 நாட்களுக்கு ‘சில்லாய் கலான்’ என்று பெயர். கடும் குளிர்காலம். ஆனால் குளிர் மட்டும் இருந்தால் பனி விழாது, ஈரமும் வேண்டும். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கு நோக்கி வரும் காற்றுச் சலனங்கள்தான் அந்த ஈரத்தைக் கொண்டுவருகின்றன. வானிலைச் செய்திகளில் ‘வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்’ என்று வருவது இதுதான். நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ, வடக்கு மலைகளின் குளிர்காலத்துக்கு இது அப்படி. ஒரு வருடம் கொட்டும், ஒரு வருடம் ஏமாற்றும். 2024-ல் ஜனவரி கடைசியில்தான் அது கண் திறந்தது.

ஒரே ஒரு நாள் பனி விழுந்தாலும் போதாது. கல்லும் புல்லும் தெரியாதபடி அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுக வேண்டும். அதனால் கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஜனவரி கடைசி வாரம் முதல் பிப்ரவரி முழுவதும் ஓரளவு பாதுகாப்பான பந்தயம். உயரம் காரணமாக குல்மார்க்கில் மார்ச் தொடக்கம் வரை வாய்ப்பு இருக்கும்.

பிப்ரவரியில் லீவு கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் ஜனவரியில் புல்லைப் பார்த்துவிட்டு வருவதைவிட, லீவைத் தள்ளிப்போட்டு மேலாளரிடம் பேசிப் பார்ப்பது லாபம். பொங்கல்தான் முடியும் என்றால், ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் ரூம் போடுங்கள். கிளம்புவதற்கு 10 நாள் முன்பு அந்த ஊரின் அன்றைய படங்களைப் பார்த்து முடிவெடுங்கள். போன வருடம் எடுத்த ரீல்ஸைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

*பனி அதிகமானாலும் பிரச்சினை*

இடுப்பளவு பொடிப்பனியைச் சிதறடித்துக்கொண்டு ஒருவர் மலையிலிருந்து இறங்கும் வீடியோ எல்லோருக்கும் வந்திருக்கும். அவற்றில் பல, அஃபர்வத் போன்ற உயரங்களில், சீர்செய்யப்படாத சரிவுகளில் எடுக்கப்பட்டவை. அங்கேதான் பனிச்சரிவு ஆபத்தும் அதிகம்.

2023 பிப்ரவரி 1-ல் அஃபர்வத்தில் ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்தைச் சேர்ந்த 2 பேர் உயிரிழந்தனர். 2024 பிப்ரவரி 22-ல் ரஷ்யாவைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்தார். அவருடைய குழு உள்ளூர் ஆட்கள் இல்லாமல் சென்றதாக அதிகாரிகள் தெரிவித்தனர். உயிரிழந்த மூவருமே பனிச்சறுக்குக்காக வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்.

வறண்ட காலத்துக்குப் பிறகு வரும் பெரும் பனிப்பொழிவில் கூடுதல் கவனம் தேவை. மெல்லிய பழைய பனி நாள்கணக்கில் கிடந்து, ஒட்டாத சர்க்கரைபோல் உதிரியாகிவிடும். அதன்மேல் திடீரென்று இரண்டு மூன்று அடி புதுப்பனி ஏறினால், பாரம் தாங்காமல் மொத்தமாக வழுக்கி வரும். ஒருவரின் எடையே அதைத் தூண்டிவிடப் போதும்.

புதிதாகக் கற்பவர்களுக்கு விதி எளிது: பயிற்சியாளர் காட்டும் தளத்தைத் தாண்ட வேண்டாம். கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் மூடியிருந்தால், அதற்குக் காரணம் இருக்கும். ஏற்கெனவே சறுக்கத் தெரிந்தவர்கள் மேலே போவதானால், உள்ளூர் வழிகாட்டியும் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையும் இல்லாமல் போகக்கூடாது.

*தொட்டபெட்டாவில் தொடங்கும் ஊர்*

ஊட்டியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். நாம் ‘உச்சி’ என்று சொல்லும் அந்த உயரத்தில்தான் குல்மார்க்கின் தரைமட்டமே தொடங்குகிறது. காலையில் சென்னையில் இட்லி சாப்பிட்டுவிட்டு மறுநாளே 3,950 மீட்டருக்குப் போனால் தலைவலி, குமட்டல், மூச்சுவாங்கல் வர வாய்ப்புண்டு. முதல் நாள் கீழேயே இருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால் மருந்து போட்டுச் சமாளிக்காமல் கீழே இறங்குவதே சரி.

வெயிலையும் லேசாக எடுக்க வேண்டாம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர்வீச்சு சுமார் 10% கூடும். புதுப்பனி அதில் 80% வரை திருப்பி அடிக்கும். சன்ஸ்கிரீனும் கண்ணாடியும் குளிர் ஜாக்கெட் அளவுக்கு அவசியம்.

*புக் செய்யும் முன் பார்க்க வேண்டியவை*

• பலகை, பூட்ஸ், கைத்தடி, ஹெல்மெட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும், வாங்கத் தேவையில்லை. ஆனால் வாடகைக் கடையில் உங்கள் எடையைச் சரியாகச் சொல்லுங்கள். விழும்போது பூட்ஸ் பலகையிலிருந்து கழன்றுகொள்ளும் அழுத்தத்தை அதை வைத்துத்தான் அமைப்பார்கள். கழலாவிட்டால் முழங்காலுக்குத்தான் ஆபத்து.

• பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் போட வேண்டாம். முழங்கால் வரை வரும் மெல்லிய கம்பளி சாக்ஸ் ஒன்று போதும்.

• பயிற்சியாளர் கட்டணத்தில் பலகை வாடகை, லிஃப்ட் கட்டணம் சேருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தனித்தனியாகச் சேர்ந்தால் பட்ஜெட் எகிறிவிடும்.

• குல்மார்க் கொண்டோலா டிக்கெட்டை அதன் அதிகாரபூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே எடுங்கள்.

• இன்சூரன்ஸில் பனிச்சறுக்கு சேருமா என்று பாருங்கள். பல பயண பாலிசிகள் சாகச விளையாட்டுகளைத் தனியாக ஒதுக்கிவிடும்.

• ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. குழுவில் ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்திருங்கள்.

• திரும்பும் பயணத்துக்கு ஒரு நாள் உபரியாக வையுங்கள். பனி கொட்டினால் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகும். 2025 ஜூன் முதல் கத்ரா – ஸ்ரீநகர் ரயில் ஓடுவதால் மாற்று வழி ஒன்று இருக்கிறது. மணாலி பக்கம் 2024 டிசம்பரில் சோலாங்குக்கும் அடல் சுரங்கப்பாதைக்கும் இடையே சுமார் 1,000 வாகனங்கள் பனியில் சிக்கி நின்றன.

• 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்கள் சில காலம் மூடப்பட்டன. கிளம்பும் வாரத்தில் அரசு அறிவிப்புகளைப் பாருங்கள்.

*கடைசியாக, எந்த ஊர்?*

மூன்று நான்கு நாள்தான் இருக்கிறது, பனியில் ஆட்டம் போட்டால் போதும் என்றால் சோலாங். ஒரு வாரத்துக்கு மேல் நேரம் இருக்கிறது, நீண்ட சாலைப் பயணம் பரவாயில்லை, ஒழுங்காகக் கற்க வேண்டும் என்றால் ஆலி. ஒரு வாரம்தான், குடும்பமும் கூட வருகிறது, பனிக்கான வாய்ப்பும் கூடுதலாக வேண்டும் என்றால் பிப்ரவரியில் குல்மார்க்.

எல்லாம் சரியாகச் செய்தும் பனி வராமல் போகலாம். அதனால் இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்வது நல்லது: சறுக்கவே முடியாவிட்டாலும் அந்த ஊரில் நான்கு நாள் சந்தோஷமாக இருக்க முடியுமா? ‘இருக்கலாம்’ என்று பதில் வரும் ஊருக்கு டிக்கெட் போடுங்கள்.