உலக மேசைப்பந்தாட்டப் போட்டிகளும் தொழில்முறை வீரர்களும்

ஒன்பது அடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்ட ஒரு மேசை, அதன் குறுக்கே ஆறு அங்குல உயரத்தில் ஒரு வலை, 2.7 கிராம் எடையுள்ள ஒரு பந்து. மேசைப்பந்தாட்டத்திற்கு வேண்டியன ஏறத்தாழ இவ்வளவே. மாணவர் விடுதிக் கூடங்களில் இதனை ஆடிப் பழகிய நம்மில் பலர், மாலைப்பொழுதைக் கழிக்க உதவும் எளியதோர் ஆட்டம் என்றே இதனைக் கருதியிருப்போம். ஆயின் இதனையே வாழ்வாகக் கொண்டு, ஆண்டின் பெரும்பகுதியை வானூர்தி நிலையங்களிலும் உள்ளரங்குகளிலும் கழிக்கும் வீரர்களும் வீராங்கனைகளும் உலகெங்கும் உளர். அவர்களுக்கு ஊதியம் அளிப்பவர் யாவர்? எந்தப் போட்டியில் ஆடுவது, எப்போது ஓய்வு கொள்வது என்பதனை முடிவு செய்யும் உரிமை யாருக்குரியது? இவ்விரண்டாம் வினா, 2024ஆம் ஆண்டின் இறுதியில், ஒலிம்பிக் தங்கம் வென்ற இருவரை உலகத் தரவரிசையிலிருந்தே வெளியேறச் செய்தது. அந்நிகழ்ச்சியின் பொருளை உணர்வதற்கு, இவ்வாட்டத்தின் பழைய வரலாற்றைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

முதல் உலகச் சாம்பியன் போட்டி 1926ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடைபெற்றது. பன்னாட்டு மேசைப்பந்துச் சம்மேளனமும் அவ்வாண்டே தோன்றியது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஐவர் மாண்டேகு என்பார் அதன் முதல் தலைவராகி 1967 வரை அப்பொறுப்பில் இருந்தார். ஆடவர் குழுப்போட்டிக்குரிய சுவேத்லிங் கோப்பை அவருடைய அன்னையார் வழங்கியதாகும். அக்காலத்து இங்கிலாந்தில், பொருளுக்காக ஆடுபவரைக் காட்டிலும் பொழுதுபோக்குக்காக ஆடுபவரே மேலானவர் என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது. கிரிக்கெட்டில் ‘கனவான்கள்’ என்றும் ‘ஆட்டக்காரர்கள்’ என்றும் பிரித்துப் பேசும் வழக்கம் 1962 வரை நீடித்தது. மேசைப்பந்துச் சம்மேளனமோ 1930களிலேயே இவ்வேற்றுமையைக் கைவிட்டு, எல்லோரையும் ‘வீரர்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கத் தொடங்கியது. அந்நாளில் இது துணிவான முடிவே எனலாம்.

எனினும் வீரர் என்னும் பெயர் மட்டும் வயிற்றை நிரப்பிவிடாது. அமெரிக்காவின் மார்ட்டி ரைஸ்மன் 1949இல் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றவர். அத்தகையவர் ‘ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ்’ என்னும் புகழ்பெற்ற கூடைப்பந்துக் குழுவினருடன் ஊர் ஊராகச் சென்று, அவர்களுடைய ஆட்டத்திற்கு முன்னர் வேடிக்கை காட்டிப் பொருள் ஈட்டினார். மட்டைக்குப் பதிலாக வாணலியையும் காலணியையும் கொண்டு பந்தடித்துக் கூட்டத்தை மகிழ்விப்பது அவர் செய்த வேலை. உலகத் தரமுடைய ஒரு கைத்திறன் வித்தைக்காட்சியாக விலைபோனது. இதனை இகழ்ச்சியாகக் கொள்ளவேண்டியதில்லை. அன்று அவ்வொரு வழியே அவருக்குத் திறந்திருந்தது.

பம்பாயில் கேட்காத ஒலி

ரைஸ்மன் பெரிதும் எதிர்பார்த்திருந்தது 1952ஆம் ஆண்டின் உலகச் சாம்பியன் போட்டியை. அது நம் நாட்டில், பம்பாயில் நடைபெற்றது. ஆசியக் கண்டத்தில் நிகழ்ந்த முதல் உலகச் சாம்பியன் போட்டியும் அதுவே. அங்கே, தம் நாட்டிலேயே முதல்வரிசையினராகப் பெரிதும் கருதப்படாத, மூக்குக்கண்ணாடி அணிந்த ஹிரோஜி சதோ என்னும் ஜப்பானிய வீரர் வந்திறங்கினார். அவருடைய மட்டையில் தடித்த ஸ்பாஞ்சு ஒட்டப்பட்டிருந்தது.

இம்மட்டையின் செயலை இங்கு விளக்குதல் தகும். அதுவரை எல்லோரும் கையாண்டது, சிறு புள்ளிகள் பதித்த கெட்டி ரப்பர் ஒட்டிய மரமட்டை. பந்து அதன்மேல் பட்டவுடன் ‘டொக்’ என்னும் ஓசையுடன் திரும்பும். எதிரே நிற்பவர் கண்ணால் மட்டுமன்றிக் காதாலும் ஆடினார். அவ்வோசையைக் கொண்டே அடியின் வலிமையை அளந்து, தம் கால்களை நகர்த்தினார். ஸ்பாஞ்சு மட்டையிலோ பந்து ஒரு கணம் உள்ளே அழுந்துகிறது. அழுந்திய ஸ்பாஞ்சு விரியும் விசையும் சேர்ந்து பந்தைத் தள்ளுகிறது. பந்து மட்டையோடு ஒட்டியிருக்கும் நேரம் சிறிது நீளுவதால் சுழற்சியையும் மிகுதியாக ஊட்டலாம். இவ்வளவும் ஓசையின்றி நிகழ்ந்துவிடும். பல்லாண்டுகளாகக் காதைப் பழக்கிய வீரர்கள் பம்பாயில் செவிடரைப்போல் நின்றனர். ரைஸ்மனும் சதோவிடம் தோற்றார். இறுதியாட்டத்தில் அங்கேரியின் ஜோசப் கோசியானை வென்று சதோ உலகச் சாம்பியனானார்.

ஸ்பாஞ்சுக்கு அளவு வகுக்கச் சம்மேளனத்திற்கு ஏழாண்டுகள் பிடித்தன. 1959இல், ஸ்பாஞ்சும் ரப்பரும் சேர்ந்து நான்கு மில்லிமீட்டர் தடிப்புக்கு மிகாதிருத்தல் வேண்டும் என விதி செய்தனர். அதற்குள் பழைய மட்டையை நம்பியிருந்தோரின் காலம் கடந்துவிட்டது. புதுமை வரவேற்கத்தக்கதே, எனினும் அதற்குரிய விலையைத் தம் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகளால் செலுத்துபவர் வீரரே. ரைஸ்மன் பழைய மட்டையை விடவில்லை. 1997இல், தமது அறுபத்தேழாம் வயதில், கெட்டிமட்டைக்கெனத் தனியே நடந்த அமெரிக்கத் தேசியப் போட்டியில் பட்டம் வென்றார்.

பார்ப்பவரும் ஆடுபவரும்

ஆட்டவிதிகள் பெரும்பாலும் பார்வையாளரை மனத்திற்கொண்டே மாறிவந்துள்ளன. 1936இல் பிராகு நகரில் போலந்தின் எர்லிக்கும் ருமேனியாவின் பானெத்தும் மோதிய ஆட்டத்தில், ஒரே ஒரு புள்ளிக்கான பந்தாட்டம் இரண்டு மணிநேரத்திற்கும் மேல் நீடித்ததாகக் கூறுவர். இருவரும் தடுத்தாடுவதையே கொள்கையாகக் கொண்டவர்கள். இதன் பின்னர் ஆறேமுக்கால் அங்குலமாக இருந்த வலை ஆறு அங்குலமாகத் தாழ்த்தப்பட்டது; ஆட்டத்திற்கு நேர வரம்பும் விதிக்கப்பட்டது.

1988இல் சியோல் ஒலிம்பிக்கில் மேசைப்பந்து சேர்க்கப்பட்டபின் தொலைக்காட்சியின் கை ஓங்கியது. வேகம் மிகுந்து பந்து கண்ணுக்குப் புலப்படவில்லை என்று 2000ஆம் ஆண்டு பந்தின் விட்டத்தை 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆக்கினர். 2001இல் இருபத்தொரு புள்ளி ஆட்டம் பதினொரு புள்ளியாகச் சுருங்கியது. 2002இல் சர்வீஸ் செய்கையில் பந்தை உடலால் மறைத்தல் தடுக்கப்பட்டது. 2008இல் நச்சாவி வெளியிடும் பசை விலக்கப்பட்டது. 2014 முதல் எளிதில் தீப்பற்றும் செல்லுலாயிடு பந்துக்கு மாற்றாகப் பிளாஸ்டிக் பந்து வந்தது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் உண்டு. ஆனால் பத்து வயது முதல் ஒரே வகைப் பந்துக்குப் பழகிய மணிக்கட்டு, முப்பதாம் வயதில் மற்றொன்றைப் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது.

மூவகை வாழ்க்கை

இவ்வீரர்களின் வாழ்வாதாரம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பாவில் அது கழகங்களைச் சார்ந்தது. ஜெர்மனியின் ‘புண்டஸ்லீகா’ போன்ற தொடர்களில் ஒரு நகரின் கழகம் வீரரை ஒப்பந்தம் செய்து ஊதியம் தருகிறது. சீனாவில் பொறுப்பு அரசினுடையது. அங்கே சிறுவயதிலேயே விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்து, மாகாண அணியில் தேறி, தேசிய அணியை எட்டுபவர் மிகச் சிலரே. 1959இல் ரோங் குவோதுவான் மேசைப்பந்தில் வென்றதே, எவ்விளையாட்டிலும் சீனர் ஒருவர் பெற்ற முதல் உலகச் சாம்பியன் பட்டம் என்பதனை எண்ணினால், அந்நாடு இதற்குத் தரும் மதிப்பு விளங்கும். நம் நாட்டிலோ மூன்றாவது முறை ஒன்று வேரூன்றியது. இரயில்வே துறையும் எண்ணெய் நிறுவனங்கள் போன்ற பொதுத்துறை அமைப்புகளும் வீரர்களுக்கு வேலை தந்து, ஆடுவதற்கு விடுப்பும் தருகின்றன. நிலையான மாதச் சம்பளம் என்னும் அந்த ஒன்றுதான் நடுத்தரக் குடும்பத்துப் பெற்றோர் பலரைப் பிள்ளையின் கையில் மட்டையைக் கொடுக்கத் துணியச் செய்தது.

இவையனைத்தின்மேலும் இன்று உலகச் சுற்று அமைந்துள்ளது. 1996இல் சம்மேளனம் தொடங்கிய சுற்றுப்போட்டிகளின் இடத்தை 2021 முதல் ‘வேர்ல்டு டேபிள் டென்னிஸ்’ என்னும் வணிக அமைப்பு ஏற்று நடத்துகிறது. அதன் போட்டிகள் படிப்படியாக வகுக்கப்பட்டவை. உச்சியில் ‘கிராண்டு ஸ்மாஷ்’; 2024இல் சவூதி அரேபியாவின் ஜித்தா நகரிலும் ஒன்று நடைபெற்றது. அதற்கடுத்தது ‘சாம்பியன்ஸ்’, இதில் ஒற்றையர் பிரிவில் முப்பத்திருவருக்கே இடம். கீழே ‘ஸ்டார் கன்டெண்டர்’, ‘கன்டெண்டர்’, ‘ஃபீடர்’ என இறங்கும். கிராண்டு ஸ்மாஷ் வென்றவருக்கு 2000 தரவரிசைப் புள்ளிகள், சாம்பியன்ஸ் 1000, ஸ்டார் கன்டெண்டர் 600, கன்டெண்டர் 400.

ஒருவர் கடந்த ஐம்பத்திரண்டு வாரங்களில் பெற்ற சிறந்த எட்டு முடிவுகளைக் கூட்டியே அவருடைய தரவரிசை கணிக்கப்படுகிறது. ஓராண்டு கழிந்ததும் புள்ளிகள் உதிர்ந்துவிடும். சென்ற பிப்ரவரியில் 2000 புள்ளிகள் வென்றவர், இவ்வாண்டு பிப்ரவரியிலும் வென்றால்தான் நின்ற இடத்தில் நிற்க இயலும். காயமுற்றுச் சில திங்கள் படுத்துவிட்டால் பட்டியலில் இறக்கம். இறங்கினால் மேல்நிலைப் போட்டிகளில் இடமில்லை. இடமில்லையேல் பெரும்புள்ளிகளும் இல்லை. கீழ்நிலைப் போட்டிகளின் தொடக்கச் சுற்றில் தோற்பவருக்குக் கிட்டும் தொகை பெரும்பாலும் வழிச்செலவையும் ஈடுசெய்வதில்லை. சீன வீரர்க்கு இன்னுமொரு நெருக்கடி உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஒற்றையர் பதக்கங்களைச் சீனரே முற்றாக வென்றபின், 2012 முதல் ஒரு நாட்டிலிருந்து ஒற்றையர் பிரிவொன்றில் இருவர்க்கு மேல் ஆடக்கூடாது என்றாயிற்று. ஆகவே உடன் பயிலும் தோழரே அவர்க்குப் பெரும்போட்டியாளர். தோழர் ஆடும் போட்டியில் தாம் ஆடாதிருக்க எவருக்குத் துணிவு வரும்?

ஃபான் செண்டோங்கின் முடிவு

பாரிசு ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்டு திங்களில் ஆடவர் ஒற்றையர் தங்கம் வென்றவர் சீனாவின் ஃபான் செண்டோங். கால் இறுதியில் ஜப்பானின் ஹரிமோட்டோவிடம் முதல் இரு ஆட்டங்களை இழந்து, பின் 4-3 என மீண்டவர். இறுதியில் சுவீடனின் ட்ரூல்ஸ் மொரகார்டை வீழ்த்தினார். மொரகார்டின் மட்டை வட்டமாயன்றி அறுகோண வடிவில் இருந்தமை பலருக்கும் வியப்பளித்தது. அன்று உலக முதலிடத்தில் இருந்த வாங் சுச்சின், கலப்பு இரட்டையர் தங்கம் வென்ற மகிழ்ச்சி ஆரவாரத்தின்போது புகைப்படக்காரரால் தம் மட்டை முறிய, மறுநாள் மாற்றுமட்டையுடன் ஆடி அதே மொரகார்டிடம் தோற்றிருந்தார். மட்டை தொழில்முறை வீரரின் கையில் எத்துணை ஓர் உறுப்பாகிவிடுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அவ்வாண்டு டிசம்பர் இறுதியில், உலகத் தரவரிசையிலிருந்து விலகுவதாக ஃபான் அறிவித்தார். போட்டிகளில் பங்கேற்காத வீரருக்கு அபராதம் விதிக்கும் விதியைத் தம்மால் தாங்க இயலாது என்பது அவர் கூறிய காரணம். தோக்கியோ, பாரிசு ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்ற சென் மெங்கும் அதே வேளையில் விலகலை அறிவித்தார். ஒரே ஒலிம்பிக்கின் இரு ஒற்றையர் சாம்பியன்களும் ஐந்தே திங்களில் பட்டியலில் இல்லாமற்போனது, நினைத்துப் பார்க்கவும் அரிய நிகழ்ச்சியாகும்.

போட்டி நடத்துவோர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. அரங்கை வாடகைக்கு எடுத்து, ஒளிபரப்பு உரிமையை விற்று, நுழைவுச்சீட்டு அச்சிட்டபின், விளம்பரத்தாளில் முகம் காட்டிய வீரர் வாராதொழிந்தால் நட்டம் அவர்களுடையது. பெரிய வீரர்கள் வந்தால்தான் சிறிய வீரர்க்கும் பரிசுத்தொகை உயரும் என்பதும் மெய்யே. ஆயினும் சிறுவயது முதல் தசைகளை வருத்திய ஒருவர், ஒலிம்பிக் முடிந்ததும் சில திங்கள் மட்டையைக் கீழே வைக்க விரும்பினால், அதற்குத் தண்டம் கட்டவேண்டும் என்பது பொருத்தமாகத் தோன்றவில்லை. ஆடுவதற்கு ஊதியம் பெறுவது தொழில். ஆடாமலிருப்பதற்குப் பொருள் இழப்பது வேறொன்று. ஃபான் ஆட்டத்தைக் கைவிடவில்லை. 2025இல் ஜெர்மனியின் சார்புரூக்கன் கழகத்தில் சேர்ந்து புண்டஸ்லீகாவில் ஆடத் தொடங்கினார். உலகச் சுற்றிலிருந்து விலகியவர்க்கு, மூத்த முறையாகிய கழக வாழ்க்கை கதவு திறந்தது.

இவ்வாழ்க்கை முறைகளுள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை அறிந்த தமிழகத்து வீரர் சரத் கமல். 1982இல் சென்னையில் பிறந்து தந்தையிடம் பயின்றவர். இந்தியன் ஆயில் நிறுவனத்தில் பணி. ஜெர்மனியின் பொருசியா டூசல்டார்ஃப் உள்ளிட்ட ஐரோப்பியக் கழகங்களில் ஆட்டம். அதனோடு உலகச் சுற்று. 2006இல் மெல்போர்னில் வென்ற காமன்வெல்த் ஒற்றையர் தங்கத்தைப் பதினாறு ஆண்டுகள் கழித்து, நாற்பதாம் வயதில் பர்மிங்காமில் மீண்டும் வென்றார். பத்து முறை தேசியச் சாம்பியன்; ஐந்து ஒலிம்பிக்குகள். இடையில் பந்து மாறியது, பசை மாறியது, போட்டி நடத்தும் அமைப்பும் மாறியது. அவர் ஒவ்வொரு முறையும் கையைத் திருத்திக்கொண்டு நின்றார்.

2025 மார்ச்சுத் திங்களில் ஸ்டார் கன்டெண்டர் போட்டி சென்னைக்கு வந்தது. சரத் கமல் அதனையே தம் கடைசிப் போட்டியாகத் தேர்ந்தார். நேரு உள்விளையாட்டரங்கில், சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னே, தம்மினும் மிக இளையவரான இந்திய வீரர் ஸ்நேகித் சுரவஜ்ஜுலாவிடம் தோற்று விடைபெற்றார். எப்போது நிறுத்துவது, எந்த ஊரில் நிறுத்துவது என்பனவற்றை அவரே முடிவு செய்திருந்தார்.