பீரோ நிறையப் புடவை

சென்ற தை மாதம் என் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். புது ஜவுளி எடுக்கலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பியபோது, அவள் ஒரே வார்த்தையில் என்னை உட்கார வைத்துவிட்டாள்.

“புதுசு ஒண்ணும் வேண்டாம் அம்மா. பாட்டியோட கல்யாணப் புடவை உன்கிட்டதானே இருக்கு? அதையே கட்டிக்கிறேன்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. 1961இல் என் அம்மாவின் கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரத்திலிருந்து தருவித்த அரக்குச் சிவப்புப் பட்டு அது. மயில்கண் கரை, முந்தானையில் இரண்டு முழத்துக்குக் குறையாமல் ஜரிகை. அம்மா போன பிறகு, வளையல்கள் அக்காவுக்கு, புடவை எனக்கு என்று பாகமாயிற்று. வீட்டுக்குக் கொண்டுவந்தேன், பிளாஸ்டிக் உறையில் போட்டேன், இரண்டு பாச்சை உருண்டைகளை உள்ளே தள்ளினேன், பீரோவின் அடித்தட்டில், மற்றப் புடவைகளுக்கெல்லாம் அடியில் வைத்தேன். பதினாறு வருஷங்கள்! அவ்வளவு பத்திரமாக நான் வேறு எதையும் வைத்ததில்லை.

அடித்தட்டிலிருந்து ஒரு புடவையை உருவுவது என்ன லேசான காரியமா? மேலே இருந்த அடுக்கு முழுவதும் சரிந்து என் காலடியில் விழுந்தது. அதைப் பொருட்படுத்தாமல் உறையைக் கிழித்து, புடவையை உதறினேன். உதறியிருக்கக் கூடாது. மடிப்பு இருந்த இடமெல்லாம், கத்தரிக்கோல் வைத்தாற்போல், பட்டு ‘சர்’ரென்று பிரிந்துகொண்டது. முந்தானை ஜரிகை பாதிக்குமேல் கறுத்திருந்தது. உருண்டை பட்ட இடத்தில் வட்டமாக ஒரு கறை.

பெண் ஒன்றும் சொல்லவில்லை. புடவையை மெள்ள வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, “நீயாவது ஒரு தடவை கட்டிண்டிருக்கலாமே, அம்மா!” என்றாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் காலை அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ புடவையைத் தடவிப் பார்த்துவிட்டு, இடுப்பில் தலைப்பைச் செருகிக்கொண்டு, “எடுடி எல்லாத்தையும் வெளியிலே! இன்னும் எத்தனை இப்படிக் கிடக்குன்னு பார்க்கலாம்” என்றாள்.

எடுத்தோம். கட்டில் நிறைந்து, நாற்காலி நிறைந்து, ஜமக்காளம் விரித்துத் தரையிலும் அடுக்கினோம். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. (இதை என் வீட்டுக்காரர் காதில் விழாமல் எண்ணினோம்.)

“போன வருஷம் இதிலே எதை எதைக் கட்டிண்டே? பொய் சொல்லாமல் சொல்லு.”

பத்தொன்பது! மீதித் தொண்ணூற்று மூன்றும் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தவை. ஆனால் ஒவ்வொரு விசேஷத்துக்கும் முன்னால் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, “கட்டிக்க ஒரு நல்ல புடவை இல்லையே!” என்று நான் சொன்னது பொய்யும் இல்லை. காரணம் என்ன என்று அக்காதான் கண்டுபிடித்தாள்.

தொண்ணூற்று மூன்றில் முப்பத்தெட்டுக்கு ரவிக்கை சேரவில்லை! சகோதரிகளே, இது உங்கள் வீட்டு ரகசியமும்தான் என்று எனக்குத் தெரியும். ஆறு கஜப் புடவை நம்முடைய ஆயுசுக்கும் பொருந்தும். ஐந்து கிலோ கூடினாலும் கொசுவத்தில் ஒரு மடிப்புக் குறையுமே தவிர, கோபித்துக்கொள்ளாது. ரவிக்கை அப்படியல்ல. முப்பது வயசில் தைத்ததை ஐம்பது வயசில் மாட்டப் பார்த்தால் கை நுழையாது. அந்த ஒரு முழத் துணிக்காக ஐயாயிரம் ரூபாய்ப் புடவை பீரோவில் தூங்குகிறது.

தையற்காரர் ஒருவர் சொன்ன யோசனை இது. ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போதே, இரண்டு பக்கத் தையலிலும் கையிலும் ஓர் அங்குலத் துணியை உள்ளே மடித்து விடச் சொல்லவேண்டும். பிறகு வருஷம் போகப் போக ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டே வரலாம். என் முப்பத்தெட்டில் பன்னிரண்டு ரவிக்கைகள் இப்படி ஒரே சாயங்காலத்தில் உயிர் பெற்றன. எல்லாப் புடவைக்கும் அதே நிறத்தில் ரவிக்கை வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விட்டுவிட்டேன். கறுப்பு, அரக்கு, மாம்பழ மஞ்சள், கரும்பச்சை என்று அளவாக நாலு ரவிக்கை இருந்தால் பருத்திப் புடவைகளில் முக்கால்வாசிக்கு ஈடுகொடுக்கும். கரையின் நிறத்தைப் பார்த்து எடுத்துக் கட்டினால் அழகாகவும் இருக்கிறது.

இன்னோர் இருபத்து நாலு புடவைகள் எனக்கு மறந்தே போயிருந்தன. நல்ல புடவைகள்! மதுரைச் சுங்குடி ஒன்று. காரைக்குடிக் கண்டாங்கி ஒன்று. தவறு புடவையில் இல்லை, அடுக்குகிற முறையில் இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? துவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்கின் மேலே வைக்கிறோம். மறுநாள் அவசரத்தில் மேலே இருப்பதையே எடுக்கிறோம். ஆக, மேலே இருக்கிற ஆறு ஏழுதான் சுற்றிச் சுற்றி வந்து நைந்து போகின்றன; அடியில் இருப்பவை வெளிச்சத்தையே பார்ப்பதில்லை. துவைத்ததை அடுக்கின் அடியில் சொருகுங்கள். அவ்வளவுதான் வைத்தியம். புத்தகம் நிறுத்துவதுபோலப் புடவைகளைச் சின்னதாக மடித்து நிற்கவைத்தால் இன்னும் விசேஷம். எல்லாவற்றின் முகமும் தெரியும். பட்டுக்கு மட்டும் இந்த முறை வேண்டாம். சின்ன மடிப்பு அதற்கு ஆகாது.

நிற்கவைத்து அடுக்குகிற வித்தை ஜப்பானில் மேரி கோண்டோ என்ற அம்மாள் பிரபலப்படுத்தியது. அவருடைய புத்தகம் 2014இல் ஆங்கிலத்தில் வந்து உலகம் முழுவதும் பீரோக்களைக் காலிசெய்ய வைத்தது. ஒவ்வொரு துணியாகக் கையில் எடுத்து, ‘இது எனக்குச் சந்தோஷம் தருகிறதா?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டுமாம். தராவிட்டால் நன்றி சொல்லி வழியனுப்ப வேண்டுமாம். நானும் அக்காவும் செய்து பார்த்தோம். முதலில் கையில் வந்தது, என் நாத்தனார் கல்யாணத்தில் எனக்குக் கொடுத்த நீலப் புடவை. சந்தோஷமா வந்தது? மற்றவர்களுக்கெல்லாம் பட்டு, எனக்கு மட்டும் கலப்பட நூல் என்ற முப்பது வருஷத்துக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது! ஒரு புடவைக்கு அரைமணி நேரம் வம்பு என்றால், நூற்றுப் பன்னிரண்டுக்கு எத்தனை நாளாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த அம்மாளின் கேள்வி நல்ல கேள்விதான். நம் வீட்டுப் புடவைகள் ஒண்டியாக வருவதில்லை, உறவுக்காரர்களை அழைத்துக்கொண்டு வருகின்றன. ஆகவே நாங்கள் கேள்வியை மாற்றிக்கொண்டோம்: ‘வருகிற வெள்ளிக்கிழமை இதைக் கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போவாயா?’ இதற்கு எனக்குச் சட்டென்று பதில் சொல்ல முடிந்தது.

துணியைத் துறப்பதில் நம் நாட்டுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் ஒரு மாடி வீட்டில்தான் காந்தியடிகள் சட்டையையும் தொப்பியையும் விட்டு அரைவேட்டிக்கு மாறினார். அவ்வளவு தூரம் நான் போகத் தயாரில்லை. கண்டாங்கி எனக்கு வேண்டும்!

அடுத்தது, வைத்துக்கொடுத்த புடவைகள். இருபத்திரண்டு தேறின. கிருகப்பிரவேசம், சீமந்தம், சஷ்டியப்த பூர்த்தி என்று வெற்றிலை பாக்குடன் வந்தவை. நம் நிறம் தெரியாமல், நம் மனசு தெரியாமல், மொத்தமாக வாங்கிய பாலியஸ்டர் புடவைகள். கட்டவும் மாட்டோம், பிரிக்கவும் மாட்டோம். அடுத்த வீட்டு விசேஷத்துக்கு ஆகும் என்று வைத்திருப்போம். அவற்றில் ஊதாப் பூப்போட்ட ஒன்றை அக்கா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உறையின் ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே சின்னதாக ஒரு பெயர்! அவள் எங்கள் பெரியம்மாவின் மருமகளுக்குக் கொடுத்தது, மூன்று வருஷங்களில் எந்தெந்த ஊர் சுற்றியதோ, என் பீரோவில் வந்து உட்கார்ந்திருந்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் காப்பி ஆறிப்போயிற்று. இனிமேல் எங்கள் குடும்பத்தில் வைத்துக்கொடுப்பதென்றால் நல்ல கைத்தறித் துண்டு ஒன்று என்று முடிவு செய்திருக்கிறோம். துண்டை யாரும் பூட்டி வைப்பதில்லை.

சரி, வேண்டாதவற்றை என்ன செய்வது? இங்கேதான் கொஞ்சம் மனச்சாட்சி வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாலா திசையிலிருந்தும் நாகப்பட்டினத்துக்குத் துணி மூட்டைகள் போயின. கிழிந்தது, சாயம் போனது, அந்த மக்கள் உடுத்தாத உடை எல்லாம் அதில் இருந்தன. வீடிழந்து நின்ற போதும் மானத்தோடு வாழ்ந்த மீனவ மக்கள் அவற்றைத் தொடவில்லை. சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்து மக்கின. தானம் என்ற பெயரில் குப்பையை இடம் மாற்றக் கூடாது. டில்லியில் 1999இல் தொடங்கிய ‘கூஞ்ச்’ என்ற அமைப்பு, துணியைப் பிச்சையாகப் போடாமல், கிராமத்து ஜனங்கள் தங்கள் ஊருக்காகச் செய்யும் வேலைக்குப் பதிலாக அதைக் கொடுக்கிறது. அந்த மரியாதை நமக்கும் வரவேண்டும். துவைத்து, இஸ்திரி போட்டு, தைக்க வேண்டியதைத் தைத்து, ரவிக்கைத் துணியோடு கொடுத்தால்தான் அது கொடை.

கிழிந்த ஒன்பதையும் நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. நைந்த பருத்திக்கு வீட்டிலேயே நூறு உபயோகம் உண்டே! தூளிக்கு அதைப்போல மெத்தென்று எதுவும் கிடையாது. வடாம் பிழிய, பட்டுப் புடவையைச் சுற்றி வைக்க, கடைசியில் கரித்துணிக்கு.

‘பழைய பட்டுப்புடவை வாங்குறது’ என்று தெருவில் குரல் கேட்டால் அவசரப்பட்டு ஓடாதீர்கள். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. அவர்கள் வாங்குவது உங்கள் புடவையை அல்ல, அந்த வெள்ளியை. அன்றைய வெள்ளி விலையைத் தெரிந்துகொண்டு, விவரம் தெரிந்த கடையில் எடை போட்டுக் கேட்பதே உசிதம். பட்டுதானா என்று சந்தேகமிருந்தால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். தலைமயிர் பொசுங்குகிற நாற்றம் வந்து, சாம்பல் பொடியானால் பட்டு. உருகி மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர். என் நாத்தனார் கொடுத்த நீலப் புடவை மணியாகத்தான் உருகிற்று! மூன்று நூல் உருவிப் பார்த்தேன்.

இனி, அம்மாவின் புடவைக்கு நான் இழைத்த தவறுகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் உறை முதல் தவறு. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் ஜரிகை வெள்ளி கறுத்துவிடுகிறது. பழைய வெள்ளை வேஷ்டியில் சுற்றி வைத்திருந்தால் போதும். பாச்சை உருண்டையைத் துணியோடு ஒட்டி வைத்தது இரண்டாவது தவறு. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழ்நோக்கித்தான் இறங்கும். ஆகவே சின்னத் துணி முடிச்சாகக் கட்டி மேல்தட்டில் வைக்கவேண்டும். பாட்டிமார்கள் வசம்பை முடிந்து வைத்ததும் இதற்குத்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பதினாறு வருஷமாக மடிப்பை மாற்றாதது. ஒரே மடிப்பில், மேலே அத்தனை பாரத்தையும் தாங்கிக்கொண்டு கிடந்தால் இழை அங்கே முறிந்துவிடுகிறது. ஜரிகை உள்ள இடத்தில் இன்னும் சீக்கிரம். மூன்று மாதத்துக்கொரு முறை பிரித்து, நிழலில் ஆறவிட்டு, வேறு கோட்டில் மடிக்கவேண்டும். தேதி ஞாபகம் இராது என்பவர்கள் பண்டிகையை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்: தை, சித்திரை, ஆடி, நவராத்திரி. நவராத்திரியில் நாளுக்கொரு பட்டாகக் கட்டிவிட்டால் ஒன்பது புடவைக்கு வேலை முடிந்தது!

பட்டைக் கட்டிய பிறகு வியர்வையோடு மடிக்காதீர்கள். வாசனைத் திரவியத்தை ஜரிகையில் படும்படி அடிக்காதீர்கள். பருத்தியை நெடுநாள் எடுத்து வைப்பதாக இருந்தால் கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள். கஞ்சிக்காகத்தான் ராமபாணப் பூச்சி வருகிறது. பட்டையும் கம்பளியையும் அரிப்பது அந்துப்பூச்சி. அதற்கு அழுக்கும் வியர்வையும் பட்ட இடமென்றால் தனி ருசி.

சாயங்காலம் பீரோவில் திரும்ப ஏறியவை நாற்பத்தாறு. அறுபத்தாறு வெளியே. ஒவ்வொரு தட்டிலும் கை நுழைகிற இடம். இதற்குமேல் புதிதாக ஒன்று வாங்குவதென்றால், கடைக்குப் போகும்முன் அதற்கு எந்த ரவிக்கை, எந்த நாளைக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்று அக்கா எனக்குச் சட்டம் போட்டாள். அப்படிச் சொல்ல முடியாமல் இந்த ஆடித் தள்ளுபடியில் இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன். மூன்றாவது தடவை உள்ளே போய்விட்டேன். அதை அக்காவிடம் சொல்லவில்லை.

அம்மாவின் புடவையை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். உடல் பாகம் போனது போனதுதான். முந்தானையில் கறுக்காத பக்கமும், கரையில் மூன்று கஜமும் தேறின. தையற்காரர் மெல்லிய பருத்தித் துணியை அடியில் கொடுத்து, முந்தானையை ரவிக்கையாகத் தைத்தார். மாம்பழ மஞ்சளில் என்னுடைய பட்டு ஒன்று, மறந்துபோன இருபத்து நாலில் இருந்தது. அதற்கு அந்த ரவிக்கை எடுப்பாக இருந்தது. நிச்சயதார்த்தத்தன்று என் பெண் அதைத்தான் உடுத்தினாள். வந்திருந்த மாமிகளில் ஒருவர், “ரவிக்கை எந்தக் கடையிலே எடுத்தது?” என்று கேட்டார்.

“பாட்டியோடது, மாமி” என்றாள்.

மீதிக் கரை அக்காவிடம் இருக்கிறது. அவள் பேத்திக்குப் பாவாடைக்கு வைத்துத் தைக்கப் போகிறாளாம். தைக்கிறவரையில் எதில் சுற்றி வைத்திருக்கிறாள் என்று வாரம் ஒரு தடவை போன் செய்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.