இரண்டு கோடுகளுக்கு நடுவே

கேஜை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்த்தேன். மேல் கோட்டைத் தாண்டி அரை விரல் அகலத்துக்கு ஆயில் ஏறியிருந்தது. பைக்குக்கு முதல் முறையாக வீட்டு வாசலிலேயே நான் ஆயில் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை அது. ஒரு லிட்டர் டப்பா வாங்கினேன், ஒரு லிட்டரையும் ஊற்றினேன். கொஞ்சம் கூடினால் நல்லதுதானே என்று நினைத்தபடி தெருமுனையில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "ஸ்டார்ட் பண்ணிடாத தம்பி. குறைஞ்சா ஊத்திக்கலாம். கூடுனா உள்ள அடிக்கும்" என்றார்.

எது அடிக்கும், எதை அடிக்கும் என்று அன்று எனக்குப் புரியவில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு பெரிய இயற்பியல் இருக்கிறது.

முதலில், டப்பாவில் இருக்கும் அளவும் இன்ஜின் கேட்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பல பைக்குகளின் கையேட்டில் ஆயிலுக்கு இரண்டு அளவுகள் அச்சிட்டிருக்கும். இன்ஜினை முழுதாகப் பிரித்து மாட்டினால் ஒரு அளவு. ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி வடித்துவிட்டு ஊற்றினால் அதைவிடக் குறைந்த அளவு. எவ்வளவு நேரம் வடியவிட்டாலும் பழைய ஆயிலில் ஒரு பங்கு கியர்களின் இடுக்கிலும் கிளட்ச் தட்டுகளுக்கு நடுவிலும் துளைகளிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். நான் பார்க்கத் தவறியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

இனி அந்த 'அடி'. காரில் ஆயில் தங்குவது இன்ஜினின் அடியில் இருக்கும் சம்ப் என்ற தொட்டியில். அதற்கு நேர் மேலே கிராங்க் என்ற தண்டு சுழல்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. கிராங்கின் எடைத்தட்டுகள் கீழே இறங்கி வரும்போது ஆயிலின் மேற்பரப்புக்குச் சற்று மேலாகவே கடந்துபோகும்படி தொட்டியின் ஆழத்தைக் கணக்கிட்டிருப்பார்கள். கேஜின் மேல் கோடு அந்தக் கணக்கின் எல்லை. அதைத் தாண்டி ஆயில் ஏறினால் எடைத்தட்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் ஆயிலில் மோதும். தயிரை மத்தால் கடைவது போலத்தான். ஆனால் நொடிக்கு 50 முறை. இன்ஜினின் திறனில் ஒரு பகுதி கடைவதிலேயே வீணாகும், ஆயில் சூடேறும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று உள்ளே கலந்து நுரைக்கும். ஆயிலில் நுரையை அடக்கும் சிலிகான் சேர்மம் மிகச் சிறிய அளவில் இருக்கத்தான் செய்கிறது. இடைவிடாமல் கடைந்தால் அதுவும் தோற்றுவிடும்.

நுரைத்தால் என்ன, ஆயில் ஆயில்தானே என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை 1883ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையில் இருக்கிறது. உராய்வு ஆராய்ச்சியில் எனக்கு மிகப் பிடித்த கதை இது. பீச்சம் டவர் என்ற பொறியாளர், இயந்திரப் பொறியாளர் சங்கத்துக்காக ரயில் அச்சுகளின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். அச்சின் கீழ்ப்பகுதி ஆயில் தொட்டியில் நனைந்து சுழன்றது. மேலே பித்தளைப் பேரிங், அதன் மேல் பாரம். ஆயில் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியே ஆயில் மேல்நோக்கிப் பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், பிடுங்கிக்கொண்டு வந்தது. மரக்கட்டையால் அடைத்துப் பார்த்தார், அதையும் தள்ளியது. கடைசியில் அழுத்தமானியைப் பொருத்தினார். முள் 200 பிஎஸ்ஐயைக் கடந்து, அளவுகோலின் எல்லையையே தாண்டிப் போனது. இன்றைய கார் டயரில் நாம் அடிக்கும் காற்றழுத்தத்தைப் போல ஆறு மடங்கு அது!

அந்தத் தொட்டியோடு எந்தப் பம்பும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. அச்சு தன் சுழற்சியாலேயே ஆயிலை இழுத்துச் சென்று, ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகும் ஆப்பு போன்ற இடைவெளிக்குள் திணிக்கிறது. குறுகிய இடத்தில் சிக்கிய ஆயில் அழுத்தம் பெற்று, பேரிங்கையும் பாரத்தையும் சேர்த்துத் தூக்கி நிறுத்துகிறது. இதற்கான கணிதத்தை 1886இல் எழுதினார் மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். உங்கள் கார் இன்ஜினின் கிராங்க் பேரிங்குகளில் இன்றும் நடப்பது இதுதான். இன்ஜினில் ஆயில் பம்ப் இருக்கிறது, உண்மை. அதன் வேலை பேரிங்குக்கு ஆயிலைக் கொண்டுசேர்ப்பது. பாரத்தைச் சுமப்பது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அந்த ஆயில் படலம். ஓடும் நேரத்தில் உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை.

அந்தப் படலத்துக்குள் காற்றுக் குமிழிகள் புகுந்தால் என்ன ஆகும் என்று இப்போது யோசியுங்கள். ஆயிலை அழுத்தினால் அது சுருங்காது, அதனால்தான் தாங்குகிறது. காற்று சுருங்கிவிடும். நுரையைத் திணித்த இடத்தில் படலம் நெளிந்து மெலியும், உலோகம் உலோகத்தை உரசும். ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் டேப்பெட்டுகள் உள்ள கார்களில் 'டக டக' என்று சத்தம் வரும். இன்னொரு பக்கம், கடைந்த ஆயில் துளித்துளியாகப் பறந்து ப்ரீத்தர் குழாய் வழியே காற்றோடு சேர்ந்து சிலிண்டருக்குப் போய் எரியும். சைலன்சரில் நீலப் புகை தள்ளும். டீசல் இன்ஜினில் இது முற்றினால், சாவியைத் திருப்பி அணைத்தாலும் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்துக்கொண்டு இன்ஜின் வெறிபிடித்தது போல ஓடும். அரிதுதான், ஆனால் நடக்கக்கூடியது.

பைக்கில் கிராங்க், கியர், கிளட்ச் மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆயிலில் குளிப்பதால், ஆயில் கூடினால் கிளட்ச் சரியாக விடாமல் இழுக்கவும் செய்யும்.

ஆயில் குறைந்தால் வரும் கேடு எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அது வரும் விதத்தை அறிந்தவர்கள் குறைவு. கீழ்க் கோட்டுக்குக் கீழே போனதும் இன்ஜின் உடனே சீஸ் ஆகிவிடாது. நேர்ச்சாலையில் நன்றாகவே ஓடும். ஏற்காடு, கொல்லிமலை போன்ற மலைச்சாலைகளின் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது தொட்டியிலுள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்பின் உறிஞ்சு வாய் அரை நொடி காற்றை இழுக்கும். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு மினுக்கி அணையும். அந்தச் சிவப்பு விளக்கு சொல்வது ஆயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல. அது எரிகிற வேளையில் பேரிங் ஏற்கெனவே பட்டினி கிடக்கிறது. அளவைச் சொல்லப் பெரும்பாலான வண்டிகளில் கேஜ் ஒன்றுதான் உண்டு. விளக்கு எரியவில்லையே என்று கேஜைப் பார்க்காமல் இருப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

கேஜைப் படிப்பதில்தான் வீட்டில் ஆயில் மாற்றுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். காரில் புது ஃபில்டர் போட்டிருந்தால் அது வெறுமையாக இருக்கும். ஊற்றியவுடன் பார்த்தால் ஆயில் முழுவதும் தொட்டியில் நின்று அளவைக் கூட்டிக் காட்டும். இன்ஜினை ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டால் ஃபில்டரும் குழாய்களும் நிரம்பும். கால் லிட்டர் அளவுக்குக்கூட மட்டம் இறங்கலாம். ஆகவே கையேட்டில் உள்ள அளவைவிடக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஓடவிட்டு, அணைத்து, மேலே தெறித்த ஆயில் கீழே வடிய ஐந்து நிமிடமாவது காத்திருந்து பார்க்க வேண்டும். முதல் தடவை உருவும்போது கேஜில் இருப்பது குழாய்ச் சுவரில் பட்ட பூச்சு, அதை நம்பக் கூடாது. நூல் உதிராத துணியால் துடைத்து மறுபடி செருகி எடுங்கள். கேஜின் இரு பக்கமும் வேறு வேறு மட்டம் தெரிந்தால் தாழ்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

பைக்குக்கு இன்னும் இரண்டு நுணுக்கங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்திப் பார்த்தால் கணக்கு முழுவதும் தப்பு; சமதரையில் பெரிய ஸ்டாண்ட் போட வேண்டும். அடுத்தது, மரையுள்ள கேஜைத் திருகி மூடிவிட்டுப் பார்ப்பதா, திருகாமல் சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது. பல பைக்குகளில் திருகக் கூடாது. திருகினால் மரையின் நீளத்துக்குக் கேஜ் ஆழமாக இறங்கி, குறைந்த ஆயிலையும் நிறைந்ததாகக் காட்டிவிடும். உங்கள் வண்டிக்கு எது என்பதைக் கையேட்டில் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். கேஜுக்குப் பதில் சிறு கண்ணாடி ஜன்னல் உள்ள வண்டிகளில் இந்தக் குழப்பம் இல்லை.

சூட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆயில் ஒவ்வொரு டிகிரிக்கும் தன் பருமனில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஏழு பங்கு விரிகிறது. 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல். மூன்றரை லிட்டர் பிடிக்கும் காரில் அது கிட்டத்தட்ட 150 மில்லி. பல கார்களில் இரு கோடுகளுக்கும் இடைப்பட்டது ஒரு லிட்டரை ஒட்டியது என்பதால், காலையில் ஆறிய நிலையில் பார்த்ததும் ஓட்டி வந்து பார்த்ததும் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை. எந்த நிலையில் பார்க்கச் சொல்கிறது கையேடு என்று அறிந்து, எப்போதும் அதே நிலையில் பார்ப்பதே ஒப்பிட உதவும்.

குறைந்திருந்தால் திருத்துவது எளிது: அதே தர ஆயிலை 100 மில்லி, காத்திருப்பு, கேஜ், தேவைப்பட்டால் மறுபடி. கூடியிருந்தால்? ட்ரெயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி வடிக்கலாம் என்று பலர் முயல்கிறார்கள். எவ்வளவு போகிறது என்பது நம் கையில் இருக்காது, போல்ட் விழுந்தால் புது ஆயில் முழுவதும் கொட்டிவிடும், சூடாக இருந்தால் கையும் பொசுங்கும். அன்று அண்ணன் எனக்குச் சொன்ன வழி வேறு. மெடிக்கலில் 50 மில்லி சிரிஞ்ச், மீன் தொட்டிக்குக் காற்று விடும் மெல்லிய குழாயில் ஒரு முழம். குழாயை நன்றாகத் துடைத்து, கேஜ் துளை வழியே இறக்கி, மெல்ல இழுத்தேன். மூன்று சிரிஞ்ச் எடுத்ததும் மட்டம் மேல் கோட்டுக்குக் கீழே இறங்கியது. இழுத்தது எத்தனை மில்லி என்பது கண்ணெதிரே தெரிந்ததால் அடுத்த முறைக்கும் கணக்குக் கிடைத்தது.

சரியாக ஊற்றி, சில வாரங்களில் மட்டம் தானாகவே ஏறியிருந்தால் மகிழ வேண்டாம். ஆயில் பிறக்காது; வேறு ஏதோ கலக்கிறது. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீரோ கூலண்டோ. பெட்ரோல் வாடை அடித்தால் எரியாத பெட்ரோல். பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டியைச் சூடாக்கி எரிப்பதற்காகக் கூடுதல் டீசல் பீய்ச்சப்படுவதுண்டு. ஊருக்குள்ளேயே குறுந்தூரம் ஓட்டினால் அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கிவிடும். இப்படி ஏறிய மட்டத்தைச் சிரிஞ்சால் இறக்குவதில் பயனில்லை. நீர்த்த ஆயிலால் டவர் கண்ட அந்தப் படலத்தைத் தாங்க முடியாது. முழுதாக மாற்றிவிட்டு, காரணத்தையும் தேட வேண்டும்.

வடித்த பழைய ஆயிலைக் காலியான டப்பாவில் ஊற்றி, எந்த அளவுவரை நிற்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். போன முறை ஊற்றியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இன்ஜின் எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று சொல்லிவிடும். பிறகு அந்த டப்பா சாக்கடைப் பக்கம் போகாது. இந்தியச் சட்டப்படி அது அபாயகரக் கழிவு. தெருமுனை ஒர்க் ஷாப்பில், மறுசுழற்சிக்காரர் வந்து எடுத்துப்போகும் பீப்பாயில் கொட்டிவிட்டு வருகிறேன்.