அச்சில் ராகம் இருக்கிறது, மெட்டு எங்கே?

டிசம்பர் பிறந்தால் ஒட்டன்சத்திரத்து இரவுகளுக்கு இரட்டை வேலை. காய்கறிச் சந்தையில் கேரள லாரிகளில் முருங்கைக்காயும் தக்காளியும் ஏறும். தெருவில் கேரல் ரவுண்ட்ஸ் வேன் ஊர்ந்து போகும். வேனுக்குள் கீபோர்டு, ஸ்பீக்கர், பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்மஸ் தாத்தா. பழனிக்கும் சபரிமலைக்கும் மாலை போட்டவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். 'ஜிங்கிள் பெல்ஸ்' அலறும். 1857-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பியர்பான்ட் வெளியிட்ட அந்தப் பாட்டில் கிறிஸ்மஸ் என்ற பேச்சே கிடையாது. பனியில் குதிரைவண்டி ஓட்டுகிற குஷிதான். போகட்டும்.

சந்தைக்கும் கேரலுக்கும் பழைய உறவு உண்டு. 'சைலன்ட் நைட்' முதலில் ஒலித்தது 1818 டிசம்பர் 24 இரவு, ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூர்க் கோயிலில். எழுதியவர் உதவிக் குரு யோசப் மோர். மெட்டமைத்தவர் பள்ளி வாத்தியார் பிரான்ஸ் சேவர் குரூபர். துணைக்கு ஒரு கிட்டார். டிரோல் மலைநாட்டிலிருந்து கையுறை விற்க லைப்சிக் சந்தைக்குப் போன ஸ்ட்ராசர் குடும்பத்தார் 1830களின் தொடக்கத்தில் அங்கே அதைப் பாட, ஊர் ஊராகப் பரவியது. பரவிய வேகத்தில் மெட்டுக்காரர் பெயர் தொலைந்துவிட்டது. ஹைடன் என்றார்கள், மொசார்ட் என்றார்கள். குரூபர் பொறுத்துப் பார்த்து, 1854-இல் நடந்ததைத் தன் கைப்பட எழுதி வைத்தார். 1995-இல் மோர் எழுதிய கையெழுத்துப் பிரதியும் அகப்பட்டது; மெட்டு குரூபருடையது என்று அதிலேயே இருந்தது. ஒரு தாள் வழக்கைத் தீர்த்துவிட்டது.

நம் பாட்டுகளுக்கு அந்தத் தாள் இல்லை.

தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரிகளும் பின்வந்தவர்களும் தங்கள் ஊர்ப் பாட்டுகளைத் தமிழாக்கினார்கள். மெட்டு ஜெர்மன் மெட்டேதான். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) அந்த வழியில் போகவில்லை. கும்மி, குறவஞ்சி, கீர்த்தனை என்று மண்ணில் இருந்த உருவங்களிலேயே கிறிஸ்துவைப் பாடினார். பெத்லகேமுக்கே ஒரு குறவஞ்சி எழுதினார் என்றால் பாருங்கள்! அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சேற்றினார். நோய்க்கும் வெயிலுக்கும் அஞ்சி 1845-இல் கொடைக்கானலில் பங்களா கட்டிய அதே மிஷன்தான். மலைக்கு ஓடினாலும் கீழ்நாட்டுப் பாட்டின் அருமை அவர்களில் சிலருக்காவது தெரிந்திருந்தது.

இன்றும் கீர்த்தனைப் புத்தகத்தைப் புரட்டினால் பாட்டின் தலையில் ராகம், தாளம், பிறகு பல்லவி, சரணம். அவ்வளவுதான், பெரும்பாலும் சுரம் கிடையாது. ஒரே ராகத்தில் எத்தனையோ மெட்டுப் போடலாமே, சாஸ்திரியார் பாடியது எது? உபதேசியார் பாட, சபையார் கேட்டுப் பிடித்து, பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்ததுதான் மெட்டு. அந்தச் சங்கிலி இப்போது அறுகிறது. செல்போனில் கிடைக்கிற ட்ராக்கில் சினிமாச் சாயலில் ஏதோ ஒன்று வருகிறது. பாடகர் குழு அதற்கு வாயசைக்கிறது. மெட்டு மாறினால்தானே பாட்டு பிழைக்கும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயம்தான். ஆனால் எதிலிருந்து மாறியது என்று காட்ட ஒரு சுவடாவது வேண்டாமா?

இந்த ஆபத்தை உணர்ந்தவர் ஒருவர் நமக்கு அண்டையிலேயே படித்திருக்கிறார். திண்டுக்கல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பயின்ற ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் இசைநூலைத் தந்தவர். தானே இயற்றிய கிறிஸ்தவக் கீர்த்தனைகளைச் சுரப்படுத்தியே வெளியிட்டார். அந்த வழக்கம் கோயில் புத்தகங்களில் வேர்பிடிக்கவில்லை.

இத்தனைக்கும் நம் பாடகர் குழுக்களில் ஆங்கிலக் கேரல்களை சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என நான்கு குரலாகப் பிரித்து, சோல்ஃபா என்னும் சுரக்குறிப்பைப் பார்த்துப் பிசகாமல் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே சோல்ஃபாவில் கீர்த்தனையின் மெட்டையும் எழுதலாம். கமகம் முழுசாக அகப்படாது, எலும்புக்கூடாவது மிஞ்சும். பழைய மெட்டு தெரிந்த பெரியம்மா ஒருவர் பாட, சோல்ஃபா தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினால் ஒரு பாட்டுக்கு ஒரு சாயங்காலம் போதும். கிறிஸ்மஸ் பயிற்சி தொடங்குகிற அன்றே உட்காரலாம். ட்ராக் போடுகிற தம்பி அன்றைக்கு மட்டும் கொஞ்சம் லேட்டாக வரட்டும்.